வாராக்கடனில் வளர்ந்த உறவு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரலாற்றுத் துறை நடத்தும் சொற்பொழிவுக்கு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியை ஏன் கூப்பிட்டார்கள் என்று முன்வரிசையில் இருவர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். வெளியுறவு பற்றிப் பேசுங்கள் என்று துறைத்தலைவர் கேட்டபோது நானும் அதையேதான் கேட்டேன். "கடன் வசூலில் இத்தனை வருடம் இருந்திருக்கிறீர்களே, அதைவிட ராஜதந்திரம் எதில் இருக்கிறது?" என்றார். ஆகையால் எனக்குத் தெரிந்த தொழில் வழியாகவே ஒரு கதை சொல்கிறேன். கடன் கொடுத்த நாடு ஸ்வீடன், வாங்கிய நாடு வட கொரியா. ஸ்டாக்ஹோமுக்கும் பியோங்யாங்குக்கும் நடுவே ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல். மொழி, மதம், ஆட்சிமுறை, குடியேறிய மக்கள் என்று இரு நாடுகளையும் சேர்த்து வைக்கும் எதுவும் கிடையாது. இருந்தும் ஐம்பது ஆண்டுகளாக அந்த உறவு அறுந்து போகவில்லை. ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

1974-இல் வட கொரியா ஸ்வீடனிடம் ஆயிரம் வோல்வோ 144 கார்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 144 என்றதும் நமக்குத் தடை உத்தரவு ஞாபகம் வரும். புதிய சட்டத்தில் அது 163 ஆகிவிட்டது. ஆனால் நம் வாயில் இன்னும் 144தான். வோல்வோவின் கணக்கில் 1 என்பது வரிசை எண், முதல் 4 என்ஜினின் சிலிண்டர்கள், அடுத்த 4 கதவுகள். பெட்டி போன்ற, உறுதியான, பார்வைக்குச் சாதுவான கார். ஆயிரமும் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தன. பணம் மட்டும் வந்து சேரவில்லை.

கார்களோடு சுரங்க இயந்திரங்களும் போயின. பாறை துளைக்கும் கருவிகளுக்குப் பெயர்போன அட்லாஸ் காப்கோ போன்ற கம்பெனிகள் அந்த வரிசையில் நின்றன. ஒரு நாடு முழுவதும் இப்படி ஏமாறுமா என்று இன்று கேட்பது சுலபம். கடன் கொடுக்கிறவன் அன்றைக்கு என்ன பார்த்தான் என்றுதான் பார்க்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் வட கொரியாவைப் பற்றி வெளியே இருந்த படமே வேறு. போரில் தரைமட்டமான நாடு, சோவியத், சீன உதவியோடு ஆலைகளை எழுப்பி நிமிர்ந்திருந்தது. தொழில்துறையில் தெற்கைவிட வடக்கே முன்னால் நிற்பதாகப் பலர் நம்பினார்கள். மலைகளில் துத்தநாகமும் ஈயமும் இருந்தன. எங்கள் தொழிலில் விண்ணப்பதாரரைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எதிலிருந்து திருப்பிக் கட்டுவீர்கள்?" என்பது. வட கொரியாவிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது: இயந்திரத்தைக் கொடுங்கள், தோண்டி எடுத்து விற்றுக் கட்டுகிறோம். காகிதத்தில் படித்தால் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அரசியல் காற்றும் அந்தப் பக்கமே வீசியது. அன்று ஸ்வீடனின் பிரதமர் உலோஃப் பால்மே. வியட்நாம் மீதான குண்டுவீச்சை வெளிப்படையாகக் கண்டித்து அமெரிக்காவோடு மனத்தாங்கல் கொண்டிருந்தவர். எந்த ராணுவ அணியிலும் சேராத நாடு, இரு தரப்போடும் பேசும் என்பது அன்றைய ஸ்வீடனின் பெருமை. 1973 ஏப்ரலில் அது வட கொரியாவை அங்கீகரித்தது. அதே ஆண்டில் ஃபின்லாந்து, நார்வே, டென்மார்க் பின்தொடர்ந்தன. டிசம்பரில் இந்தியாவும் இரு கொரியாக்களோடும் தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்டது.

அங்கீகாரம் 1973-இல், ஆர்டர் 1974-இல். இடையில் வந்தது எண்ணெய் நெருக்கடி. பெட்ரோல் விலை ஏறியது, உலகச் சந்தை சுருங்கியது, உலோகங்களின் விலை சரிந்தது. தோண்டி எடுத்து விற்றுக் கட்டுகிறேன் என்ற பதில் அங்கேயே செத்துப்போனது. பருத்தி விலை விழுந்த வருடம் விவசாயக் கடன் என்ன ஆகும் என்று எங்கள் கிளைகளில் கேட்டுப் பாருங்கள். அதேதான், நாட்டின் அளவில்.

ஸ்வீடன் 1975-இல் பியோங்யாங்கில் தூதரகம் திறந்தது. மேற்கத்திய நாடு ஒன்று அங்கே திறந்த முதல் தூதரகம் அதுதான். பொறுப்பேற்றுப் போனவர் எரிக் கார்னெல். அந்த ஆண்டுகளைப் பற்றிப் பின்னாளில் ஒரு புத்தகமும் எழுதினார். வியாபாரத்தை வளர்க்க என்று போட்ட அலுவலகம், கதவு திறந்த நாளிலிருந்தே பாக்கியைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. வசூலுக்குப் போனவன் திண்ணையிலேயே குடியேறிவிட்ட கதை என்று இதை நான் சொல்வது வழக்கம். தூதர்கள் யாரும் இந்த அரங்கில் இல்லாததால் தைரியமாகச் சொல்கிறேன்.

அடுத்த வருடமே இன்னொரு கூத்து. 1976 அக்டோபரில் டென்மார்க், நார்வே, ஃபின்லாந்து, ஸ்வீடன் ஆகிய நான்கு நாடுகளிலும் வட கொரியத் தூதரகத்தார் மாட்டிக்கொண்டார்கள். தீர்வை கட்டாமல் கொண்டுவந்த மதுவையும் சிகரெட்டையும் கள்ளச்சந்தையில் விற்றதுதான் குற்றச்சாட்டு. டென்மார்க்கில் கஞ்சாப் பிசினும் சேர்ந்துகொண்டது. தூதரின் பையைச் சுங்க அதிகாரி பிரிக்கக் கூடாது, தூதரைக் கைது செய்யக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை சொல்கிறது. அந்தக் கவசத்தைக் கடைச்சரக்கு கொண்டுவரப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்நியச் செலாவணிக்குத் திண்டாடிய நாடு தன் தூதரகங்களையே சம்பாதித்துப் பிழைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது என்பதுதான் பரவலான விளக்கம். ஆட்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

இங்கே ஸ்வீடன் என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். பணம் தரவில்லை, நம் ஊரில் வந்து சாராயமும் விற்றார்கள், இனி என்ன உறவு என்று தூதரகத்தை மூடியிருக்கலாம். எந்தப் பத்திரிகையும் குறை சொல்லியிருக்காது. குற்றம் செய்தவர்களை அனுப்பிவிட்டு, பியோங்யாங் வீட்டில் விளக்கை எரியவிட்டது. அன்றைய கணக்கில் அதற்குப் பெரிய தத்துவம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பாக்கிக்காரன் ஊரைவிட்டு நாம் வந்துவிட்டால் பாக்கி போயே போய்விடும். எல்லா வசூல் அதிகாரிக்கும் தெரிந்த அந்த ஒரு பயம் போதும்.

அந்தப் பாக்கியின் கதையையும் முடித்துவிடுகிறேன். நம் நாட்டில் ஏற்றுமதியாளர்களுக்கு இ.சி.ஜி.சி. இருப்பதுபோல ஸ்வீடனில் ஈ.கே.என். என்ற ஏற்றுமதிக் கடன் உத்தரவாத வாரியம் இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் பணம் தராவிட்டால் வாரியம் ஈடுகட்டும். கடனைக் கேட்கும் உரிமை வாரியத்துக்கு மாறிவிடும். ஆகவே ஆயிரம் கார்களின் சுமை கடைசியில் அரசின் தலையில் விழுந்தது. வட்டியெல்லாம் சேர்த்து 2017 வாக்கில் அது சுமார் 270 கோடி குரோனர். வருடத்துக்கு இரண்டு முறை ஈ.கே.என். பியோங்யாங்குக்கு நினைவூட்டல் அனுப்புகிறது. பல பத்தாண்டுகளாக அனுப்புகிறது.

நம் சட்டப்படி கடன் மூன்று வருடத்தில் காலாவதியாகும். அதற்குள் கடன்காரரிடம் "ஆமாம், இவ்வளவு தர வேண்டும்" என்று ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் மீண்டும் மூன்று வருடம் உயிர் கிடைக்கும். அந்தக் கையெழுத்துக்காக நான் எத்தனை வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன் என்பது என் மனைவிக்குத்தான் தெரியும். ஒரு பெரியவர் ஒவ்வொரு முறையும் மோர் கொடுப்பார், உட்கார வைத்து ஊர்க்கதை பேசுவார், கையெழுத்தும் போடுவார், பணம் மட்டும் தரமாட்டார். அவர் வீட்டுக்குப் போய்ப் போய் அந்தத் தெருவில் யார் யாருக்கு என்ன சிக்கல் என்பது எனக்கு அத்துப்படியாயிற்று. தெருவில் ஒரு குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனபோது என்னைத்தான் நடுவே பேசச் சொன்னார்கள். நாடுகளுக்கும் இது பொருந்தும் என்று அன்று எனக்குத் தெரியாது.

கடனுக்கு முன்பே ஸ்வீடனுக்குக் கொரியாவில் கால் பதிந்திருந்தது. 1950-இல் போர் தொடங்கியதும் அது சிப்பாய்களை அனுப்பாமல் பூசானுக்கு ஒரு செஞ்சிலுவை மருத்துவமனையை அனுப்பியது. போர் நின்ற பிறகும் அது 1957 வரை அங்கே நடந்தது. இந்தியாவும் அன்று சிப்பாய்களுக்குப் பதில் மருத்துவப் படையைத்தான் அனுப்பியது. அந்த 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜின் பெயரில் முதலில் நிற்கும் 'ஏ' நம் ஆற்காடு. 1953-இல் சண்டை நின்றபோது, ஊர் திரும்ப மறுத்த போர்க்கைதிகளை என்ன செய்வது என்ற சிக்கலுக்கு ஐந்து நாடுகளின் ஆணையம் அமைந்தது: இந்தியா, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாகியா. தலைவர் ஜெனரல் திம்மய்யா. கைதிகளைக் காவல் காக்கப் போன இந்தியப் படை தென் கொரிய மண்ணை மிதிக்கக் கூடாது என்று அதிபர் சிங்மன் ரீ பிடிவாதம் பிடித்ததால், துறைமுகத்திலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றிப் படையற்ற பகுதியில் இறக்கினார்கள். முடிவில் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், சீனாவும் வேண்டாம், தைவானும் வேண்டாம் என்றவர்கள் 88 பேர். அவர்கள் 1954 பிப்ரவரியில் கப்பலில் வந்து இறங்கியது நம் சென்னைத் துறைமுகத்தில். இதைப் பற்றித் தனியாகவே ஒரு சொற்பொழிவு வைக்கலாம்; மாணவர்கள் யாராவது எடுத்துக்கொண்டால் மகிழ்ச்சி.

திம்மய்யாவின் ஆணையம் வேலை முடிந்து கலைந்தது. போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க அமைந்த இன்னொரு குழு கலையவே இல்லை. அதில் ஸ்வீடனும் சுவிட்சர்லாந்தும் ஒரு பக்கம், போலந்தும் செக்கோஸ்லோவாகியாவும் மறுபக்கம். கம்யூனிச ஆட்சிகள் விழுந்த பிறகு வட கொரியா செக் நாட்டவரை 1993-இலும் போலந்துக்காரர்களை 1995-இலும் வெளியேற்றிவிட்டது. ஸ்வீடனும் சுவிட்சர்லாந்தும் நாட்டுக்கு ஐந்து அதிகாரிகள் வீதம் பன்முன்ஜோமின் தெற்குப் பக்கம் இன்றும் இருக்கின்றன. ஆக, சியோலில் தூதரகம், எல்லைக்கோட்டில் ராணுவ அதிகாரிகள், பியோங்யாங்கில் தூதரகம். ஒரே வீட்டின் வாசலிலும் கொல்லையிலும் நடுமுற்றத்திலும் ஆள் வைத்திருக்கும் நாடு.

1994-இல் அமெரிக்காவும் வட கொரியாவும் அணு உலைகள் பற்றி ஒரு உடன்பாட்டுக்கு வந்தன. ஒருவர் தலைநகரில் மற்றவர் தொடர்பு அலுவலகம் திறப்பது என்பதும் அதில் இருந்தது. அந்த அலுவலகங்கள் திறக்கப்படவேயில்லை. அதுவரை அமெரிக்கக் குடிமக்களின் நலனை யார் பார்ப்பது? ஏற்கெனவே அங்கே இருப்பது ஸ்வீடன். 1995-இல் அதற்கான ஏற்பாடு ஆயிற்று. இதைச் சர்வதேசச் சட்டத்தில் காப்பு நாடு என்பார்கள். உறவு இல்லாத இரு நாடுகளுக்கு நடுவே மூன்றாம் நாடு ஒன்று, இருவர் சம்மதத்தோடு, ஒருவரின் ஆட்களைக் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு. வியன்னா உடன்படிக்கையின் 46-ஆம் பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறது, தற்காலிகப் பாதுகாப்பு என்ற பெயரில். அந்தத் தற்காலிகம் முப்பது வயதைத் தாண்டிவிட்டது.

இந்த வேலையின் தன்மை 2009-இல் நன்றாகத் தெரிந்தது. சீன எல்லையில் செய்தி சேகரிக்கப் போன லாரா லிங், யூனா லீ என்ற இரண்டு அமெரிக்கப் பத்திரிகையாளர்களை மார்ச் மாதம் வட கொரியா பிடித்து, பன்னிரண்டு ஆண்டு கடுங்காவல் தண்டனை விதித்தது. மாதக்கணக்கில் அவர்களை நேரில் பார்க்க முடிந்த வெளியாள் ஸ்வீடன் தூதர் மாட்ஸ் ஃபோயர். உயிரோடு இருக்கிறார்கள், உடம்பு இப்படி இருக்கிறது என்ற செய்தி குடும்பத்துக்குப் போனது அவர் வழியாக. ஆகஸ்டில் முன்னாள் அதிபர் கிளிண்டன் விமானத்தில் போய் இறங்கினார், படம் எடுத்துக்கொண்டார்கள், பெண்கள் இருவரும் அவரோடு வீடு திரும்பினார்கள். அந்தப் படத்தில் தூதர் இல்லை. கிளை மேலாளர் பத்து மாதம் அலைந்து கனியவைத்த வசூலுக்கு மண்டல மேலாளர் வந்து செக் வாங்கிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் இந்த ஏற்பாட்டைப் பெரிய சாதனை என்று நான் பாடப்போவதில்லை. 2016 ஜனவரியில் ஓட்டோ வார்ம்பியர் என்ற அமெரிக்க மாணவர் பியோங்யாங் விமான நிலையத்தில் கைதானார். மார்ச் 2 அன்று ஸ்வீடன் தூதரகத்தார் அவரைப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் பதினைந்து ஆண்டு தண்டனை. அதற்குப் பிறகு தூதரகம் பார்க்கக் கேட்ட ஒவ்வொரு முறையும் கதவு மூடியே இருந்தது. ஓராண்டுக்கு மேல் கழித்து, 2017 ஜூனில், அவர் நினைவிழந்த நிலையில் ஊர் கொண்டுவரப்பட்டு ஆறாம் நாள் இறந்தார். அவருக்கு 22 வயது. காப்பு நாட்டின் கையில் இருப்பது விண்ணப்பம் ஒன்றுதான். பார்க்க அனுமதி கேட்டு எழுதலாம், நேரில் போய்க் கேட்கலாம், மீண்டும் எழுதலாம். மறுத்தால் மறுத்ததுதான். ஓராண்டாக அந்த இளைஞர் சுயநினைவோடு இல்லை என்பது, அதே நகரத்தில் அலுவலகம் வைத்திருந்தவர்களுக்குக்கூடத் தெரியாமல் இருந்திருக்கிறது. அங்கே இருப்பதனாலேயே எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வழக்கைப் படித்தால் போதும்.

பிறகும் அதே வேலை நடந்தது. 2019-இல் பியோங்யாங்கின் கிம் இல் சுங் பல்கலைக்கழகத்தில் படித்துவந்த ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் காணாமல் போனபோது, ஸ்வீடனின் சிறப்புத் தூதர் கென்ட் ஹர்ஸ்டெட் போயிருந்த நேரத்தில் பேசி மீட்டு வந்தார். 2023-இல் எல்லையைத் தாண்டி ஓடிய அமெரிக்கச் சிப்பாய் டிராவிஸ் கிங்கைத் திருப்பி அனுப்ப வட கொரியா முடிவு செய்தபோது, அவரைக் கைமாற்றி வாங்கிச் சீன எல்லைவரை கொண்டுவந்தவர்களும் ஸ்வீடன்காரர்களே.

டிரம்பும் கிம் ஜோங் உன்னும் சந்தித்த அந்த இரண்டு ஆண்டுகளில் ஸ்டாக்ஹோம் சந்திப்பு அறையாகவே மாறியது. 2018 மார்ச்சில் வட கொரிய வெளியுறவு அமைச்சர் வந்தார். 2019 ஜனவரியில் ஊருக்கு வெளியே ஒரு மாளிகையில் இரு கொரிய நாட்டவரும் அமெரிக்கர்களும் ஒன்றாக உண்டு உறங்கிப் பேசினார்கள். அக்டோபர் 5 அன்று அதிகாரபூர்வப் பேச்சு நடந்தது. அன்று மாலையே வட கொரியப் பிரதிநிதி தங்கள் தூதரகத்தின் வாசலில் நின்று, பேச்சு முறிந்தது என்று அறிக்கை வாசித்தார். விருந்து வைத்தவருக்குச் சமைக்கத்தான் முடியும். சம்பந்திகள் முறுக்கிக்கொண்டால் என்ன செய்வார்?

இதில் ஸ்வீடனுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். 270 கோடி வரவில்லை. வியாபாரம் என்று சொல்லிக்கொள்ள இன்று எதுவும் இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள் மட்டும் உள்ள தூதரகம் அது. ஆனால் வாஷிங்டனிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குத் தொலைபேசி வருவதற்கு அந்தச் சிறு அலுவலகம் ஒரு காரணம். ஒரு கோடிச் சொச்சம் மக்கள்தொகை உள்ள நாட்டுக்கு அது லேசான காரணம் இல்லை. அதைச் சமாதானப் பற்று என்று மட்டும் மெழுகிவிடுவது நேர்மையாகாது. பேராசையில் தொடங்கி, பிடிவாதத்தில் நீடித்து, கடைசியில் உபயோகமாக முடிந்த ஒன்று என்பதே என் கணிப்பு. 1975-இல் எவராவது இதைத் திட்டமிட்டிருந்தால் இப்படி அமைந்திருக்காது.

கொரோனா வந்ததும் 2020-இல் வட கொரியா எல்லையை இறுக மூடியது. மேற்கத்தியத் தூதர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், ஸ்வீடன்காரர்களும்தான். நான்கு ஆண்டுகள் வீடு பூட்டிக் கிடந்தது. இதற்குள் ஸ்வீடன் மாறிவிட்டது. உக்ரைன் போருக்குப் பிறகு, அணிசேராப் பழக்கத்தைக் கைவிட்டு, 2024 மார்ச்சில் நேட்டோவில் சேர்ந்தது. நடுநிலை போய்விட்டதே, இனி பியோங்யாங்கில் இவர்களுக்கு என்ன மதிப்பு என்று நானும் நினைத்தேன். நண்பர்களிடம் சொல்லியும் வைத்தேன். அதே ஆண்டு செப்டம்பரில் வட கொரியா திரும்ப உள்ளே அனுமதித்த முதல் மேற்கத்தியத் தூதரகம் ஸ்வீடனுடையதாக இருந்தது. நான் எதிர்பார்த்தது தப்பிப்போனது. நேட்டோ உறுப்பினர் என்பதைவிட, தெரிந்த ஆள் என்பது அங்கே கனமாக இருந்திருக்க வேண்டும்.

கார்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மாணவர்கள் விடமாட்டார்கள். 2016-இல் ஸ்வீடன் தூதரகம் ஒரு படத்தை வெளியிட்டது. வடகிழக்கே சொங்ஜின் நகரத்தில், 1974-ஆம் ஆண்டு வோல்வோ ஒன்று டாக்சியாக ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரில் ஏறக்குறைய ஐந்து லட்சம் கிலோமீட்டர். நாங்கள் வாகனக் கடன் கொடுத்தால் வருடத்துக்கு ஒரு தடவையாவது போய் வண்டியைப் பார்த்து, ஹைப்பாதிகேஷன் பதிவேட்டில் குறிப்பு எழுத வேண்டும். அந்தத் தூதரகத்தின் குறிப்பும் அச்சாக அப்படியே இருந்தது: வண்டி நல்ல நிலையில் ஓடுகிறது, பாக்கி இன்னும் வரவில்லை.